நடைப்பிணக் கதைகளும் நமது வாலிபர்களும்

செத்தவன் எழுந்து நடக்கிறான். கண் வெளுத்திருக்கிறது. வாயெல்லாம் இரத்தம். எதிரே வருகிறவனைக் கடிக்கிறான். கடிபட்டவனும் செத்து, எழுந்து, அடுத்தவனைக் கடிக்கப் புறப்படுகிறான். ஓர் ஊர் போகிறது, ஒரு ஜில்லா போகிறது, கடைசியில் உலகமே போகிறது. மிஞ்சுகிறவர்கள் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலர். பள்ளிக்கூடத்து மொட்டை மாடியிலோ, வேலி போட்ட கிராமத்திலோ அடைந்து கிடந்து, மறுநாள் உயிரோடு இருப்போமா என்று பார்க்கிறார்கள்.

இங்கிலீஷில் இதற்கு ‘ஜாம்பி’ கதை என்று பெயர். நாம் நடைப்பிணக் கதை என்று சொல்லிக்கொள்வோம். அமெரிக்காவில் வாலிபர்களுக்கென்றே இந்த ரகத்தில் புத்தகங்கள் குவிகின்றன. கொரியாவில் படக்கதையாகவும் தொடராகவும் வருகின்றன. அவை கைபேசிக்குள் புகுந்து ராஜபாளையத்து மில் தொழிலாளி வீட்டுக்கும் கான்சாபுரத்து விவசாயத் தொழிலாளி வீட்டுக்கும் வந்துவிட்டன. முழு நைட்டு முடித்து வந்த தகப்பன் படுக்கப் பாயை விரிக்கும்போது, மகன் மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடவுக்குப் போய்த் திரும்பிய தாய் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா இந்தக் கண்றாவி?” என்கிறாள்.

மலையடிவாரத்துக் கிராமத்துக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று எண்ணுகிறவர்கள், 2025-ல் பக்கத்துக் கூமாபட்டி பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கட்டும். கைபேசியில் எடுத்துப் போட்ட சின்னப் படங்களை நம்பி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். கூமாபட்டி உலகத்துக்குப் போய்ச் சேர்கிற வழியாக உலகமும் கூமாபட்டிக்கு வரும்.

இந்தக் கதைகளைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் கேட்கிறோம். பெரியவர்கள் இது குப்பை, பிள்ளைகளைக் கெடுக்கும், பிடுங்கி எறி என்கிறார்கள். வாலிபர்கள் இது வெறும் பொழுதுபோக்கு, இதில் என்ன அரசியல் என்கிறார்கள். இரண்டு பேருமே இந்தக் கதை எங்கே பிறந்தது என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால், இது ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நெருங்கிய உறவுக்காரக் கதை என்பது தெரியும்.

கரும்புக் காட்டில் பிறந்த கதை

அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, கரீபியன் கடலில் ஹைத்தி என்று ஒரு நாடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சின்ன நாட்டில் விளைந்தது. கரும்பு வெட்டுக் காலத்தில் இரவு பகல் பேதம் கிடையாது. வந்த சில ஆண்டுகளிலேயே பலர் மாண்டார்கள்; மாண்டவர் இடத்துக்குப் புதிய கப்பல் வந்தது.

அந்த ஜனங்களுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. செத்தால் ஆவி கடல் தாண்டித் தாய்நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். ஆறுதல் இருக்கும் இடத்தில்தானே பயமும் இருக்கும்? செத்த பிறகும் விடாமல், மந்திரவாதி ஒருவன் புதைகுழியைத் தோண்டி உடம்பை எழுப்பி, ஆவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மறுபடியும் கரும்புக் காட்டுக்கே ஓட்டிவிட்டால்? அதுதான் ஜாம்பி. மனிதனைத் தின்கிற பேயாக அவர்கள் அதை எண்ணவில்லை. சாவுக்குப் பிறகும் ஷிப்டு பார்க்க வேண்டியவன் என்றுதான் எண்ணினார்கள். அவனைக் கண்டு யாரும் பயப்படவில்லை. அவனாக ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள்.

1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் எழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய பட்டாளத்தையும் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று சுதந்திர நாடு என்று அறிவித்தார்கள். அடிமைகள் புரட்சி செய்து ஜெயித்து அமைத்த நாடு சரித்திரத்தில் அது ஒன்றுதான். அதற்குத் தண்டனையும் கிடைத்தது. 1825-ல் பிரான்ஸ் போர்க் கப்பல்களை நிறுத்தி, “எங்கள் சொத்தை இழந்தோம், 15 கோடி பிராங்கு நஷ்டஈடு கொடு” என்றது. சொத்து என்று அவர்கள் சொன்னதில் அந்த மனிதர்களும் சேர்த்தி! பிறகு தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடனின் வால் 1947 வரை அந்த நாட்டைச் சுற்றிக் கிடந்தது.

1915-ல் அமெரிக்கப் பட்டாளம் ஹைத்தியில் இறங்கிற்று. 1934 வரை போகவில்லை. ஜனங்களைப் பிடித்துக் கயிற்றில் கட்டி ரோடு போட வைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் வில்லியம் சீபுருக் என்ற அமெரிக்க எழுத்தாளர் அங்கே போய்வந்து 1929-ல் ஒரு புத்தகம் எழுதினார். ‘ஜாம்பி’ என்ற சொல் வெளியுலகத்தில் பரவியதற்கு அந்தப் புத்தகமே முக்கியக் காரணம். அதில், உள்ளூர் விவசாயி ஒருவர் சொன்னதாக அவர் எழுதியிருக்கும் கதையை வாசகத் தோழர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

ஹாஸ்கோ என்பது அமெரிக்க மூலதனத்தில் நடந்த பெரிய சர்க்கரைக் கம்பெனி. கரும்பு வெட்டுக்கு ஆள் தேவை. ஒரு கங்காணி கந்தலும் அழுக்குமாக ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பேச மாட்டார்கள், நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மலைநாட்டுப் பட்டிக்காட்டு ஜனங்கள், ஆலைச் சத்தத்தில் மிரண்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பேர் பதிந்துவிடுகிறான். அவர்கள் செத்தவர்கள். வெயிலில் வெட்டுகிறார்கள், சனிக்கிழமை கூலியைக் கங்காணி வாங்கிக்கொள்கிறான். கம்பெனிக்கு அதைப் பற்றி என்ன கவலை? வெட்டு நடக்கிறது.

பேயும் பிணமும் கிடக்கட்டும். ஆளைக் கூட்டி வருகிறவன் கூலியை வாங்கிக்கொள்வது, வேலை செய்கிறவன் வாய் திறக்காமல் இருப்பது, ஆபீசில் யாரும் எதுவும் கேட்காமல் இருப்பது — இதில் எது நமக்குப் புதிது?

1932-ல் இதை வைத்து ‘ஒயிட் ஜாம்பி’ என்ற அமெரிக்கப் படம் வந்தது. நடைப்பிணம் வருகிற முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்கிறார்கள். கதை என்னவோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மந்திரத்தால் மயக்குகிற அசட்டுக் கதைதான். ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு சர்க்கரை ஆலை. நடைப்பிணங்கள் கரும்புக் கூடையைத் தலையில் சுமந்து வரிசையாக வருகின்றன. வேறு சில பெரிய ராட்டினம் போன்ற மரத்தைத் தள்ளிச் சுற்றுகின்றன. ஒருவன் கால் தடுமாறி அரைவைக்குள் விழுகிறான். யாரும் நிற்கவில்லை. ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இவர்கள் வேலை நேரம் அதிகம் என்று முனகுவதில்லை என்று முதலாளி விருந்தாளியிடம் பெருமை பேசுகிறான்.

ரிங் பிரேமில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியதே, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று கதவு திறந்துவிட்டதே, அதற்கு எல்லாத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து, மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தில் வாபஸ் ஆயிற்றே, அந்த நாட்களை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும், 90 மணி உழைக்க வேண்டும் என்று பெரிய கம்பெனித் தலைவர்கள் உபதேசம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். முனகாத ஆள் வேண்டும் என்கிற ஆசை 1932-ல் முடிந்துவிடவில்லை. மூலதனம் என்பது செத்துப்போன உழைப்பு, உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் அது வாழ்கிறது என்று 1867-லேயே மார்க்ஸ் எழுதினார். அவரும் பேய்க்கதை ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சோற்றில் உப்பு

சீபுருக் எழுதிய கதையின் முடிவு இன்னும் முக்கியமானது. நடைப்பிணத்துக்கு உப்புப் போடாத சோறுதான் போட வேண்டும். உப்பு நாக்கில் பட்டால் அதற்குத் தான் யார் என்பது நினைவு வந்துவிடும். அதனால் கங்காணியின் மனைவி தினமும் உப்பில்லாத கஞ்சி காய்ச்சுகிறாள். ஒரு திருநாளன்று அவளுக்கு இரக்கம் வருகிறது. பாவம் என்று அவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். கொட்டை சேர்த்துக் காய்ச்சிய மிட்டாய். நமது கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட உறவு. அதில் உப்புச் சேர்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தின்றார்கள். விழித்தார்கள். ஒரு பெருங்கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பித் தங்கள் மலையூரைப் பார்த்து நடந்தார்கள். எவனாலும் நிறுத்த முடியவில்லை. அவரவர் குழிக்குப் போய் விழுந்து மண்ணோடு மண்ணானார்கள். ஊர் ஜனங்கள் கங்காணியைத் தேடிப்பிடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று கதை முடிகிறது.

நம் ஊரில் அவமானத்தைச் சகித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து என்ன கேட்கிறோம்? “சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே?” என்று கேட்கிறோம். உப்புக்கும் ரோஷத்துக்கும் உள்ள உறவு ஹைத்தியின் கரும்புக் காட்டிலும் தெரிந்திருக்கிறது, நமது வத்திராயிருப்பு வயல்வரப்பிலும் தெரிந்திருக்கிறது. எழுதிப் படித்த அறிவு இல்லை அது. கூலிக்குப் போனவர்கள் கண்ட அறிவு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற பழமொழியைத்தான் பண்ணையார்கள் நமக்கு ஓயாமல் சொன்னார்கள். உப்பைப் பற்றி இன்னொரு பேச்சும் நமக்குள்ளேயே இருந்தது.

எப்போது கூட்டம் பகையாயிற்று?

அப்படியானால், இன்றைக்குக் கைபேசியில் பார்க்கிற கடிக்கும் பிணம் எங்கிருந்து வந்தது?

1968-ல் ஜார்ஜ் ரொமேரோ என்பவர் அமெரிக்காவின் இரும்பு நகரமான பிட்ஸ்பர்க் பக்கத்தில் சொற்பப் பணத்தில் ஒரு படம் எடுத்தார். பிணங்கள் மனித மாமிசம் தின்பதாக முதலில் காட்டியது அவர்தான். ஆனால் அவர் கெட்டிக்காரர். அந்தப் படத்தில் ராத்திரி முழுவதும் பிணங்களோடு போராடிப் பிழைக்கிறவன் ஒரு கறுப்பு மனிதன். காலையில் துப்பாக்கியோடு வருகிற வெள்ளைக்காரர் கூட்டம் அவனையும் பிணம் என்று சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஆண்டு அது. 1978-ல் அவர் எடுத்த அடுத்த நடைப்பிணப் படத்தில் பிணங்கள் ஒரு பெரிய கடைவீதிக் கட்டடத்துக்குள் பழக்கதோஷத்தால் சுற்றிச் சுற்றி வருகின்றன.

அதற்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான படங்களிலும் கதைகளிலும் இந்தக் கூர்மை மழுங்கிவிட்டது. பசி எடுத்த கூட்டம் வேலிக்கு வெளியே. நல்லவர்கள் வேலிக்கு உள்ளே. சுட்டுத் தள்ளுகிறவன் கதாநாயகன். கரும்புக் காட்டில் உழைத்துச் செத்தவனின் துக்கமாக இருந்த கதையை எடுத்து, பசித்தவர்களின் கூட்டத்தைக் கண்டு வீட்டுக்காரன் நடுங்குகிற கதையாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நம்முடைய ஆட்சேபணை இதற்குத்தான். இரத்தம் தெறிப்பதற்கு அல்ல. இரத்தம் நம் கூத்திலும் கோயில் கொடையிலும் நிறைய உண்டு.

வாலிபர்களுக்கென்று வந்தவற்றில் எல்லாமே இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோனாதன் மேபெரி 2010-ல் எழுதிய ‘ராட் அண்ட் ரூயின்’ (அழுகலும் அழிவும்) என்ற நாவலைப் பாருங்கள். உலகம் அழிந்த பிறகு வேலி போட்ட ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சட்டம்: பதினைந்து வயதானால் வேலைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் ரேஷன் பாதியாகக் குறைக்கப்படும். கதாநாயகப் பையன் ஒவ்வொரு வேலையாகப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அண்ணனோடு பிணம் அடக்குகிற தொழிலுக்குப் போகிறான். அந்த அண்ணன் சொல்லிக் கொடுப்பது வேடிக்கையானது: இவையெல்லாம் ஒரு காலத்தில் மனிதர்கள், ஒருவருக்குத் தாய், ஒருவருக்குப் பிள்ளை, மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும் என்கிறான். போகப் போக, உண்மையில் பயப்பட வேண்டியது வேலிக்கு வெளியே பிள்ளைகளைப் பிடித்துப் பணம் பண்ணுகிற உயிருள்ள மனிதர்களுக்குத்தான் என்பது பையனுக்குத் தெரிகிறது. இந்தப் புத்தகத்தைக் குப்பை என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்று. பதினைந்து வயதில் வேலைக்குப் போகாவிட்டால் அரைவயிறு என்பது அமெரிக்கப் பையனுக்கு உலகம் அழிந்த பிறகு நடக்கிற அதிசயம். நமது மாவட்டங்களில் அது உலகம் நன்றாக இருக்கும்போதே நடந்தது.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் நடத்தியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள். பெரும்பாலும் தலித், ஏழை விவசாயக் கூலிக் குடும்பங்கள். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 50,000 ரூபாய் கையில் கிடைக்கும் என்றார்கள் ஏஜெண்டுகள். மதில் சுவர், பூட்டிய கேட், எண்ணி விடுகிற போன். மூன்று வருஷம் முடியுமுன் உடம்பு முடியாமல் திரும்பியவளுக்கு அந்தப் பணம் இல்லை என்றார்கள். நெதர்லாந்து நாட்டின் சோமோ, ஐ.சி.என். என்ற இரண்டு அமைப்புகள் 2011-ல் இதை விசாரித்து அறிக்கையாகவே வெளியிட்டன. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசி, மாதவிலக்கு வலிக்கு லீவு கொடுப்பதற்குப் பதிலாகப் பெயரில்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்பினார்கள் என்று எழுதினார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வலியும் தெரியாமல், பேச்சும் இல்லாமல், நாள் முழுவதும் நின்று ஓடுகிற பெண். ஹைத்திக்காரரிடம் காட்டினால் அவர் என்ன பெயர் சொல்லியிருப்பார்?

கேரி ரையான் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2009-ல் எழுதிய வாலிபர் நாவல் ஒன்று உண்டு. வேலிக்குள் ஒரு கிராமம்; வேலிக்கு வெளியே உலகமே இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்; மேரி என்ற பெண்ணோ கடல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்காமல் விடமாட்டேன் என்கிறாள். மில் விடுதி மதிலுக்குள் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த பெண் அதைப் படித்தால் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வாள்.

கொரியாவிலிருந்து 2022 ஜனவரியில் ஒரு தொடர் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாடியில் ஏறி நின்று மீட்க வருவார்கள், வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். சர்க்கார் அவர்களைக் கைவிடுகிறது. அந்த நாட்டில் 2014 ஏப்ரலில் செவோல் என்ற கப்பல் மூழ்கியபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி இருந்த பள்ளிப் பிள்ளைகள் 250 பேர் செத்துப்போனார்கள். அந்தத் துக்கம் இந்தத் தொடரில் இருக்கிறது. அதில் இன்னொரு சம்பவம்: அரசாங்க உதவிப் பணத்தில் ஜீவிக்கிற வீட்டுப் பையன் ஒருவனை, வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி அந்த ஏழ்மையைச் சொல்லியே ஏசுகிறாள், கடைசியில் வேண்டுமென்றே அவனுக்கு நோயைத் தொற்ற வைக்கிறாள். அவளை எந்தப் பிணமும் கடிக்கவில்லை. வர்க்கத் திமிர் போதும். பிள்ளைகள் இதைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “அவ ஏன்டா அப்படிச் செஞ்சா?” என்று கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

நமது தமிழ்ப் படம் ‘மிருதன்’ 2016 பிப்ரவரியில் வந்தது. ஊட்டி மலையில் இரசாயனக் கழிவு சிந்துகிறது. அதை ஒரு நாய் நக்குகிறது. நாய் மனிதனைக் கடிக்கிறது. பிறகு ஆரம்பிக்கிறது சுடுவது. கதை கடிபட்ட கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. கழிவுக்குச் சொந்தக்காரனைத் துரத்த அதற்கு நேரமில்லை. அதற்கடுத்த மாதமே, 2016 மார்ச்சில், இன்னொரு மலையில் ஒரு வழக்கு ஒப்பந்தத்துக்கு வந்தது. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவருக்குச் சொந்தமாக இருந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் பதினைந்து வருஷம் போராடி ஒரு முடிவைக் கண்டார்கள். எது நல்ல கதை என்று சினிமாக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

செத்தவனுக்குப் பயந்தவர்கள்

கான்சாபுரத்துக்காரர்களுக்கு நடைப்பிணக் கதை சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே கான்சாகிபு இருக்கிறார்.

மருதநாயகம் என்ற யூசுப்கான், கம்பெனிப் படையில் கமாண்டராக உயர்ந்தவர். பாளையக்காரர்களை ஒடுக்கக் கம்பெனிக்குக் கைகொடுத்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு அதே கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். கூட இருந்தவர்களே காட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபரில் மதுரைக்குப் பக்கத்தில் தூக்கிலிட்டார்கள். இரண்டு தடவை கயிறு தவறிற்று, மூன்றாம் தடவைதான் உயிர் போயிற்று என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அதற்கு மேலும் சொல்கிறார்கள்: செத்தும் எழுந்து வந்துவிடுவானோ என்று பயந்து உடம்பை வெட்டி, தலையைத் திருச்சிக்கும், கையைப் பாளையங்கோட்டைக்கும், காலைப் பெரியகுளத்துக்கும் அனுப்பிப் புதைத்தார்களாம். முண்டம் சம்மட்டிபுரத்தில். அங்கே இன்றும் தர்கா இருக்கிறது.

செத்தவன் எழுந்துவிடுவான் என்று இங்கே பயந்தது யார்? ஆண்டவர்கள்! ஹைத்தியிலும் அப்படித்தான். 1919-ல் அமெரிக்கப் பட்டாளத்தை எதிர்த்த சார்லமேன் பெரால்ட்டைச் சுட்டுக் கொன்று, பிணத்தைக் கதவில் கட்டிவைத்துப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் வீசினார்கள், செத்துவிட்டான் என்று எல்லோரும் நம்ப வேண்டுமே என்று. ஜனங்களோ அதைச் சிலுவையில் அறைந்த ஏசுவின் படம் போலப் பார்த்தார்கள்.

நமது பக்கத்தில் கொலையுண்டவர்கள் தெய்வமாகத் திரும்பி வருகிறார்கள். முத்துப்பட்டன், காத்தவராயன், மதுரைவீரன் எல்லோரும் சாதி மீறியவர்கள், அநியாயமாகச் செத்தவர்கள். அவர்கள் அண்டை வீட்டுக்காரனைக் கடிக்க வரவில்லை. நியாயம் கேட்டு வந்து, பீடம் வாங்கிக்கொண்டு, கொடை எடுக்கிறார்கள். இந்தக் கதைப்பாடல்களை ஏடுகளிலிருந்தும் பாடகர்களிடமிருந்தும் சேகரித்தவர் தோழர் நா. வானமாமலை. கான்சாகிபு சண்டையையும் அவர் பதிப்பித்தார். 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கான்சாபுரத்து வாலிபர்கள் எத்தனை பேர் அதைக் கையில் தொட்டிருப்பார்கள்?

உண்மையாகவே நடைப்பிணங்களை நமது மண் பார்த்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக ஜனங்கள் ரோட்டில் நடந்தார்கள். ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி நாள் முழுவதும் கல் உடைக்கிறவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்தக் காலத்தில் ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி எடுத்த போட்டோக்கள் இன்றும் இருக்கின்றன. எந்தப் பேய்ப்படத்திலும் அப்படிப்பட்ட உருவங்களை வேஷம் போட்டுக் காட்டிவிட முடியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் நாடே பூட்டு. லட்சக்கணக்கான கூலிக்காரர்கள் மூட்டையும் பிள்ளையுமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். பரேலியில் அவர்களை ரோட்டில் உட்கார வைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 பேர் மேல் ரயில் ஏறிற்று. அந்த நாட்களில் எத்தனை ஊர்களில் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, வெளியூரிலிருந்து திரும்பி வந்த சொந்த மக்களையே உள்ளே விடமாட்டோம் என்றார்கள்! வேலிக்கு வெளியே இருப்பவன் மனிதன் இல்லை என்கிற பாடம், வந்த ஒரு வாரத்தில் எவ்வளவு சுலபமாகப் பலித்துவிட்டது! அந்தப் பாடத்தை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிற கதைகளை நாம் வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாதது இதனால்தான்.

என்ன செய்வது?

பிடுங்கி எறிவதால் ஒன்றும் ஆகாது. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்து இரும்புக்கை மாயாவி வந்தபோதும், 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தபோதும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றுதான் சொன்னார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே மாயாவியால்தான் என்று சொல்கிற தொழிலாளிகள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது வேறு. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நாம் கட்டும் பணம் அது. கான்சாபுரத்து வாலிபர்களும் ராஜபாளையத்து வாலிபர்களும் தங்கள் பக்கத்து நூலகத்தில் போய், நா. வானமாமலையின் கதைப்பாடல் நூல்கள் எங்கே, வாலிபர்களுக்கான நாவல்கள் எங்கே என்று எழுத்துமூலமாகக் கேட்கட்டும். ஒரு முறை கேட்டால் நடக்காது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்கட்டும். மில் ஷிப்டு விடுகிற நேரத்துக்குத் தகுந்தபடி வாசிப்பு நேரமும் கேட்கட்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறோம். இந்தக் கதையை நமது வாலிபர்களே எழுத வேண்டும். ஊட்டியும் வேண்டாம், நியூயார்க்கும் வேண்டாம். சத்திரப்பட்டியில் உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிற தறி இருக்கிறது. பஞ்சுத் தூசியில் முழு நைட்டு இருக்கிறது. கதிரறுக்கும் மெஷின் வந்த பிறகு வேலையில்லாமல் வரப்பில் உட்கார்ந்திருக்கிற அறுப்புக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு நாள் எவனோ ஒருவன் சோற்றுச் சட்டியில் ஒரு கை உப்பைப் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? அதை எழுதட்டும்.

எழுதியதை நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஐந்தாறு பக்கம் போதும். காகிதத்தின் ஒரு புறத்தில் மட்டும் எழுதுங்கள். கைபேசியில் தட்டி அனுப்பினாலும் சரிதான். எழுத்துப் பிழைக்குப் பயப்பட வேண்டாம், திருத்திக்கொள்ளலாம். மில்லில் நடக்கிற கதையானால் எந்த மில் என்று பெயர் போடாதீர்கள், உங்கள் பெயரையும் மாற்றி எழுதுங்கள். ஆனால் எந்த மெஷின், எத்தனை பக்கம் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள்.